லாயத்துக்குப் போகும் தம்பிமாருக்கு

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் இருந்து டுபாய், கட்டார், சவூதி என்று போகிற பொடியன்மாரில் சிலருக்கு இப்போது குதிரை லாயத்தில் வேலை கிடைக்கிறது. விசா வந்ததும் என்னைத் தேடி வருகிறார்கள், நான் அந்த வேலையில் தலை நரைத்து ஊர் திரும்பியவன் என்பதால். எங்கட கரையில் மாடும் ஆடும் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் குதிரை புதிது. நெடுந்தீவில் அந்நியர் ஆண்ட காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இன்னும் அலைகின்றன. நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் ரேஸ் நடக்கும். கொழும்பு ரேஸ்கோர்ஸில் 1893இல் தொடங்கிய ஓட்டம் நின்றுபோய், அங்கே கடைகளும் விளையாட்டு மைதானமும் வந்துவிட்டன. ஆகவே லாயத்துக்குள் காலடி வைக்கும்போது கையில் குதிரைப் பழக்கம் ஒன்றும் இருக்காது. வந்து கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. குதிரைக்குக் கண் இரண்டும் தலையின் பக்கங்களில் இருக்கிறது. நேர் பின்னாலும், மூக்கின் நுனிக்கு முன்னாலும் அதற்குப் பார்வை இல்லை. பின்பக்கமாக நடந்து போய்த் தொட்டால், தொட்டது யார் என்று பார்க்காமலே உதைக்கும். குரல் கொடுத்துக்கொண்டு இடது தோள்பக்கமாகப் போங்கள். கழுத்தில் கையை வையுங்கள், மறுகா முதுகு, மறுகா கால். பின்னால் சுற்றிப் போக வேண்டுமென்றால் உடம்பை ஒட்டி, கையைப் பின்தொடையில் வைத்தபடி போங்கள். இல்லையென்றால் நல்லாக எட்டிப் போங்கள். இடைத்தூரத்தில்தான் உதை முழுப் பலத்தோடு விழும்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். 500 கிலோ உடம்பு திமிறினால் விரல் மிஞ்சாது.

2. நோயைப் படிப்பதற்கு முதல் சுகத்தைப் படியுங்கள். ஓய்வில் நிற்கும் பெரிய குதிரைக்கு நாடித் துடிப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 28 முதல் 44 வரை. மூச்சு 8 முதல் 16. உடம்புச் சூடு 37.5 முதல் 38.5 பாகை. தாடை எலும்புக்கு உட்பக்கம் விரல் வைத்தால் நாடி அகப்படும். ஒவ்வொரு காலையும் எண்ணுங்கள். உங்கள் பொறுப்பில் உள்ள குதிரைக்கு இயல்பு எது என்று உங்கள் விரலுக்குத் தெரிய வேண்டும்.

காலையில் வாளியில் எவ்வளவு தீவனம் மீதி, எவ்வளவு தண்ணீர் குறைந்திருக்கிறது, சாணம் எத்தனை இடத்தில், எப்படி இருக்கிறது, வைக்கோல் படுக்கை கலைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். வயிற்று வலியைத்தான் குதிரைக்காரர் ஆகப் பயப்படுவார்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியேற வேண்டும், குடல் முறுகினால் சில மணி நேரத்தில் உயிர் போகும். தரையைக் காலால் கிளறுவது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, மேலுதட்டைச் சுருட்டுவது, காரணமில்லாமல் வியர்ப்பது: இதில் ஒன்றைக் கண்டால் தீவனத்தை எடுத்துவிட்டு மேலாளரையும் மிருக வைத்தியரையும் கூப்பிடுங்கள். இரவு இரண்டு மணி என்று யோசிக்க வேண்டாம். வீணாகக் கூப்பிட்டுவிட்டாய் என்று ஏச்சு விழுந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. லாயத்தில் உங்களுக்கு முதலில் சொல்லப்படும் பெயர் டுபாய் மில்லேனியம் என்ற ஓட்டக்குதிரையுடையது. அந்தக் கதையை முழுதாகத் தெரிந்துகொண்டு போங்கள்.

1996 மார்ச்சில் பிறந்தது. முதலில் வைத்த பெயர் யாஸர். தன் கைக்கு வந்ததிலேயே இதுதான் சிறந்தது என்று பயிற்சியாளர் டேவிட் லோடர் சொன்னதைக் கேட்டு, அதன் உரிமையாளரான டுபாயின் ஷேக் முஹம்மத் பெயரை மாற்றினார். 2000ஆம் ஆண்டின் டுபாய் உலகக் கிண்ணத்தை இந்தக் குதிரை வெல்ல வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பத்துத் தரம் ஓடி ஒன்பது தரம் வென்றது. தோற்றது 1999 எப்சம் டெர்பியில் மட்டும், ஒன்பதாவதாக வந்தது. தூரம் அதற்கு ஒத்துவரவில்லை. 2000 மார்ச் 25ஆம் திகதி இரவு, நாத் அல் ஷிபா ஓடுதளத்தில், 2,000 மீட்டரை 1 நிமிடம் 59.5 செக்கனில் முடித்தது. ஃபிராங்கி டெட்டோரி முதுகில் இருந்தார். இரண்டாவது வந்த குதிரைக்கும் அதற்கும் ஆறு குதிரை நீளம் இடைவெளி. அந்த ஜூனில் இங்கிலாந்தின் ரோயல் அஸ்கொட்டில் எட்டு நீளத்தால் வென்றது. டெட்டோரி அந்த மாதத் தொடக்கத்தில் விமான விபத்தில் காயப்பட்டிருந்ததால் ஜெரி பெய்லி ஓட்டினார்.

ஆகஸ்ட் 5ஆம் திகதி காலைப் பயிற்சியில் வலது பின்கால் எலும்பு உடைந்தது. எந்தப் போட்டியும் இல்லாத சாதாரண ஒரு காலைநேரம் அது. சத்திரசிகிச்சை செய்து காப்பாற்றினார்கள். ஓட்டம் முடிந்தது, நியூமார்க்கெட்டில் உள்ள டல்ஹம் ஹோல் பண்ணைக்குப் பொலிகுதிரையாகப் போனது. முதல் பருவமே முடியவில்லை. 2001 ஏப்ரல் 29ஆம் திகதி, புல் நோய் என்று அழைக்கப்படும் வியாதியால் இறந்தது. மேய்ச்சலுக்கு விடப்படும் குதிரைகளுக்கு வருவது அது. குடலை இயக்கும் நரம்புகளைத் தாக்கும், கடுமையாக வந்தால் தப்புவது அரிது. உலகத்தின் ஆகச் சிறந்த வைத்தியமும் முடிவில்லாத பணமும் அந்தத் தொழுவத்தின் வாசலில் நின்றன. உயிர் அல்லாஹ்வின் கையில் என்பதை நாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஒரு பொலிகுதிரையின் லாயத்தில் அதைக் கண்ணால் பார்ப்பீர்கள்.

காலைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் நாலு காலையும் தடவிப் பார்க்கச் சொல்வது கால் உடைந்த அந்த ஆகஸ்ட் காலையை நினைத்துத்தான். சூடு, வீக்கம், தொட்டால் காலை இழுப்பது, இவற்றை இயந்திரம் காட்டுவதற்கு முதல் உள்ளங்கை காட்டும்.

4. இனி நான் ஆக வலியுறுத்திச் சொல்லும் விஷயம். உங்களிடம் எந்தக் குட்டியைத் தருகிறார்களோ, அதை எல்லாவற்றிலும் சிறந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஏனென்றால் எது சிறந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

டுபாய் மில்லேனியம் விட்டுப்போனது 56 குட்டிகள்தான். ஷேக் முஹம்மத் மற்றவர்களிடம் இருந்தவற்றையும் தேடி வாங்கிச் சேர்த்தார். அந்தக் கூட்டத்தில் ஒன்று 2002 பெப்ரவரியில் பிறந்த டுபாவி. தாய் ஸோமரதா, 1998இல் இத்தாலிய ஓக்ஸ் வென்றவள். டுபாவி உயரமான குதிரை இல்லை. கட்டுமஸ்தான, சிறிய உடம்பு. தகப்பனைப் போல மலைப்பாக நின்று கண்ணைப் பறிக்கவில்லை.

ஓட்டம் எட்டு, வெற்றி ஐந்து. இரண்டு வயதில் அயர்லாந்தின் நேஷனல் ஸ்டேக்ஸ். மூன்று வயதில், 2005இல், நியூமார்க்கெட் 2000 கினிஸில் ஐந்தாவதாக வந்து, மூன்று கிழமையில் அயர்லாந்து 2000 கினிஸை வென்றது. எப்சம் டெர்பியில் மூன்றாவது. பிரான்ஸில் ஜாக் லு மரோவா வெற்றி. நல்ல குதிரை என்று எல்லாரும் சொன்னார்கள். தகப்பன் அளவுக்கு என்று சொன்னவரைக் காணவில்லை.

2006இல் டல்ஹம் ஹோலில் பொலிக்கு விட்டபோது, ஒரு பெட்டையைச் சேர்ப்பதற்குக் கட்டணம் 25,000 பவுண். கேள்வி குறைந்து 2009இல் 15,000 ஆக இறங்கியது. இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்த வருடங்களில் டுபாவியின் லாயத்தைக் கூட்டி, தண்ணீர் வைத்து, குளம்பு சுத்தம் செய்த பொடியன் ஒருவன் இருந்திருப்பான். கட்டணம் இறங்கிய குதிரைதானே என்று அவன் கையைத் தளர்த்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்?

அதன் முதல் தொகுதிக் குட்டிகளில் மக்ஃபி என்று ஒன்று. வளர்த்த பண்ணை அதை ஓட்டிப் பார்க்காமலே 2009இல் ஏலத்தில் 26,000 கினிக்கு விற்றுவிட்டது. 2010 மே மாதம், தகப்பன் ஐந்தாவதாக வந்த அதே 2000 கினிஸை மக்ஃபி வென்றது. அதற்குப் பிறகு வந்த பெயர்களை வரிசையாகச் சொன்னால்தான் அளவு விளங்கும்: 2012இல் டுபாய் உலகக் கிண்ணம் வென்ற மொன்டெரோஸோ, 2015இல் அதே கிண்ணம் வென்ற பிரின்ஸ் பிஷப், 2014இலும் 2022இலும் 2000 கினிஸ் வென்ற நைட் ஒஃப் தண்டரும் கொரீபஸும், போஸ்ட்போன்ட், கையாத், டூ டார்ன் ஹொட். கட்டணம் 2017இல் 250,000 பவுண். 2023இல் 350,000. 2022இல் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் முதலிடப் பொலிகுதிரை. நைட் ஒஃப் தண்டரும் டூ டார்ன் ஹொட்டும் இப்போது தாங்களே பேரெடுத்த பொலிகுதிரைகள். 56 குட்டியோடு அறுந்துபோகப் பார்த்த வம்சம், ஒரு சின்ன உடம்பு வழியாக உலகமெல்லாம் பரவியிருக்கிறது.

உங்கள் மேலாளர் விலை உயர்ந்த குதிரையின் லாயத்தைப் பார்க்கும்போது மட்டும் வேகமாக வேலை செய்கிற ஆட்களை நீங்கள் காண்பீர்கள். அவர்களோடு சேர வேண்டாம், மனே.

5. மறுபக்கத்தையும் கேளுங்கள். லம்தாரா என்ற குதிரை மொத்தம் நான்கு தரம் ஓடி நான்கிலும் வென்றது. 1995இல் டெர்பி, கிங் ஜோர்ஜ், பாரிஸின் ஆர்க், மூன்று பெரிய ஓட்டங்களும் ஒரே வருடத்தில். தகப்பன் நிஜின்ஸ்கி டெர்பி வென்றது, தாய் ஸ்னோ பிரைட் ஓக்ஸ் வென்றவள். காகிதத்தில் இதைவிட உயர்ந்த வம்சம் தேடினாலும் கிடையாது. ஜப்பான்காரர் 30 மில்லியன் டொலர் கொடுத்து வாங்கிப் போனார்கள் என்று பேசப்பட்டது. குட்டிகள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 2006இல் திரும்ப இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, கடைசிவரை மரியாதையாக வைத்துப் பார்த்தார்கள். அந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. பயன் முடிந்த குதிரையை நடத்தும் விதத்தில் பண்ணையின் தரம் தெரியும்.

6. பொலிகுதிரையைப் பிடிக்க முதல் வருடத்தில் உங்களை விடமாட்டார்கள், விட்டாலும் போக வேண்டாம். அதற்கு முன்னால் நேராக நிற்கக் கூடாது. முன்காலைத் தூக்கி அடிக்கும், கடிக்கும். இடது தோளோடு நடக்க வேண்டும். சேர்க்கும் கொட்டகையில் தலைக்கவசமும் மார்புக்கவசமும் இல்லாமல் நுழைய வேண்டாம். பெட்டையின் வாலுக்குத் துணி கட்டுவது, கழுவுவது, பின்காலுக்குத் தடித்த மெத்தைச் சப்பாத்துப் போடுவது இளையவர்களின் வேலை. அவள் உதைத்துப் பொலிகுதிரை காயப்பட்டால் பருவமே போய்விடும். உள்ளே பேச்சு வேண்டாம், தொலைபேசி வேண்டாம்.

பலர் என்னிடம் கேட்கும் கேள்வி, மாட்டுக்குச் செய்வது போல ஊசியால் சினைப்படுத்தினால் என்ன என்பது. தரோபிரெட் என்ற ஓட்டக்குதிரை இனத்தில் அதற்கு அனுமதி இல்லை. நேரடியாகச் சேர்ந்து பிறந்த குட்டியைத்தான் வம்ச ஏட்டில் பதிவார்கள். அதனால்தான் ஒரு பொலிகுதிரையின் ஒவ்வொரு நாளும் அத்தனை பெறுமதி, அதனால்தான் டுபாய் மில்லேனியம் 56ஓடு நின்றது.

பூமியின் வட பாதியில் பருவம் பெப்ரவரி நடுவில் தொடங்கி ஜூலை வரை. பெட்டைக்கு 21 நாளுக்கு ஒருமுறை சுழற்சி. சேர்த்து இரண்டு கிழமையில் ஸ்கேன் பார்ப்பார்கள், இரட்டைக் கரு இருந்தால் ஒன்றை அப்போதே அகற்றிவிடுவார்கள், ஏனென்றால் குதிரை இரட்டையைச் சுமந்து நல்லபடியாக ஈனுவது மிக அரிது. சினைக்காலம் பதினொரு மாதம். வட பாதியில் பிறந்த எல்லாத் தரோபிரெட்டுக்கும் ஜனவரி 1ஆம் திகதிதான் வயது கூடும், தென் பாதியில் ஆகஸ்ட் 1.

7. குட்டி ஈனும் காவல் உங்களுக்குக் கிடைத்தால் அதைப் பாக்கியம் என்று எடுங்கள். பெரும்பாலும் இரவில்தான் ஈனும், ஆள் நடமாட்டம் அடங்கும் வரை தாய் பொறுத்திருப்பாள். முலைக்காம்பு நுனியில் மெழுகு போலத் துளி உறைந்தால் நாள் நெருங்கிவிட்டது. பன்னீர்க்குடம் உடைந்தால் அரை மணி நேரத்துக்குள் குட்டி வெளியே வர வேண்டும். வெள்ளை உறைக்குப் பதிலாகச் சிவப்புப் பட்டுப் போல ஒரு பை முதலில் வந்தால் அது ஆபத்து. நச்சுக்கொடி முன்கூட்டியே கழன்றுவிட்டது, குட்டிக்கு மூச்சு இல்லை. வைத்தியர் வரும்வரை நிற்க நேரமில்லாத கட்டம் இது, பையை உடனே கிழிக்க வேண்டும். முதல் நாளே இதைப் பற்றி மேலாளரிடம் கேட்டு வையுங்கள்.

பிறந்த பின் ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் குட்டி எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் தாயின் நச்சுக்கொடி முழுதாக விழ வேண்டும். விழுந்ததை விரித்து வையுங்கள், துண்டு உள்ளே நின்றிருந்தால் தாய்க்குக் காய்ச்சலும் குளம்பு நோயும் வரும். சீம்பால் கட்டாயம். குட்டி பிறக்கும்போது அதன் இரத்தத்தில் நோய் எதிர்ப்பு ஏறக்குறைய இல்லை, எல்லாம் அந்த முதல் நாள் பாலில்தான் வருகிறது.

8. வெயில். நம் ஊர் வெயில் பழக்கம் டுபாய்க்குப் போதும் என்று நினைக்க வேண்டாம், குதிரைக்கு அது கொஞ்சமும் பழக்கமில்லை. கோடையில் வேலையெல்லாம் சுபஹுக்கு முன்னும் பின்னும்தான். ஓடி வந்த குதிரைக்குத் தண்ணீர் ஊற்றி, வழித்து, மீண்டும் ஊற்றுங்கள்.  பெரிய குதிரை சாதாரண நாளில் ஏறக்குறைய 30 லீற்றர் குடிக்கும், கோடையில் அதைவிட அதிகம், வியர்வையில் போன உப்பையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சூட்டுத் தேசத்துக்குக் குதிரை கொண்டுபோவது நம் ஆட்களுக்குப் புதிய விஷயமும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் ஹொர்முஸ், கீஷ், ஏடன் துறைகளிலிருந்து அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாகப் பாண்டிய நாட்டுக் காயல் துறைக்கு வந்தன. பாண்டிய மன்னர் ஆயிரக்கணக்கில் வாங்கினார். அந்த வியாபாரத்தை நடத்தியவர்கள் முஸ்லிம் வணிகர்கள். வாங்கியவற்றில் வருட முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று மார்க்கோ போலோ எழுதினார். பார்க்கத் தெரிந்த ஆள் இல்லை என்பதை அவர் காரணமாகச் சொல்கிறார், சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுத்ததையும் குறிப்பிடுகிறார். மன்னரிடம் பொன் இருந்தது. குதிரைக்குப் பக்கத்தில் நிற்க ஒரு பழகிய கை இல்லை. அந்தக் கை நீங்கள்தான்.

9. பந்தயத்தில் பணம் கட்ட வேண்டாம். அமீரகத்தில் உரிமம் இல்லாத பந்தயத்தைச் சட்டம் விடாது, எந்தப் பந்தயத்தையும் மார்க்கம் விடாது. வேறு நாட்டுக்கு வேலைக்குப் போனால் கையில் தொலைபேசியே சூதாட்டக் கடை. உங்களிடம் உள்ளிருந்து செய்தி கேட்டு நண்பராக வருவார்கள். குதிரை இன்று சாப்பிட்டதா, காலில் கட்டு இருக்கிறதா என்று சும்மா கேட்பது போலக் கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள். வேலை போகும், பெயரும் போகும்.

குதிரை ஓட்டம் தப்பு என்று நினைத்துக் கொண்டும் போக வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் பயிற்றப்பட்ட குதிரைகளுக்கு நீண்ட தூரமும், பயிற்றப்படாதவற்றுக்குக் குறைந்த தூரமும் வைத்து மதீனாவில் ஓடச் செய்தார்கள் என்று புஹாரியில் இருக்கிறது. குதிரையின் தயார்நிலையைப் பார்த்துத் தூரம் வைத்திருக்கிறார்கள். டெர்பியின் தூரம் டுபாய் மில்லேனியத்துக்கு ஒத்துவராததை நினைத்தால், அந்த ஏற்பாட்டின் நுணுக்கம் எனக்கு ஒவ்வொரு தடவையும் மனதைத் தொடும்.

10. வம்ச ஏடு படிக்கப் பழகுங்கள். தகப்பன், தாயின் தகப்பன், தாய் வரிசை, ஐந்து தலைமுறை. 1704இல் அலெப்போவிலிருந்து தோமஸ் டார்லி இங்கிலாந்துக்கு அனுப்பிய ஒரு அரபுக் குதிரை இருக்கிறது, டார்லி அரேபியன். அதன் பேரனின் பேரன் எக்லிப்ஸ், 1764இல் பிறந்தது, 18 ஓட்டத்திலும் தோல்வி இல்லை. இன்றைய ஆண் தரோபிரெட்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் தகப்பன் வழியில் டார்லி அரேபியனிடம் போய்ச் சேரும். டுபாவியும் அப்படித்தான். ஷேக் முஹம்மத் தன் பண்ணைக்கு டார்லி என்றும், ஓட்டக் குழுவுக்கு இன்னொரு ஆதிக் குதிரையின் பெயரான கொடொல்ஃபின் என்றும் வைத்ததற்கு இந்தச் சரித்திரம்தான் காரணம். நீங்கள் கூட்டிப் பெருக்கும் லாயத்தின் பெயர்ப் பலகையில் முந்நூறு வருடம் இருக்கிறது, அறிந்துகொண்டு வேலை செய்யுங்கள்.

11. போவதற்கு முதல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியுங்கள். ஒப்பந்தத்தில் வேலை என்ன என்று எழுதியிருக்கிறதா, அடிபட்டால் வைத்தியச் செலவு யாருக்கு என்று பாருங்கள். கடவுச்சீட்டின் பிரதி ஒன்று உம்மாவிடம் இருக்கட்டும்.

12. கூட்டுகிற வேலையிலேயே நின்றுவிட வேண்டாம். டுபாய் மில்லேனியத்தை உலகக் கிண்ணத்துக்குத் தயார் செய்த சயீத் பின் சுரூர் ஆரம்பத்தில் டுபாய் பொலிஸில் வேலை பார்த்தவர். லாடம் அடிப்பவர் நாலு முதல் ஆறு கிழமைக்கு ஒருமுறை வருவார், அன்று குதிரையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள், கேளுங்கள். நல்ல லாடக்காரருக்கு எந்த நாட்டிலும் வேலை உண்டு. ஆங்கிலம் கொஞ்சம் கைவந்தால், அயர்லாந்தின் கில்டெயாரில் உள்ள தேசிய ஸ்டட் பண்ணையில் இனவிருத்திப் பயிற்சி நடக்கிறது, விண்ணப்பத்தில் குட்டி ஈனும் காவலில் இருந்த அனுபவம் இருந்தால் மதிப்பார்கள். அதற்காகச் சின்னக் கொப்பி ஒன்று வைத்து, எந்தப் பெட்டை என்ன திகதி ஈன்றாள், எத்தனை மணிக்குக் குட்டி எழுந்தது, எப்போது பால் குடித்தது என்று தமிழிலேயே எழுதி வையுங்கள். விடுமுறைக்கு ஊர் வரும்போது அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.